கால்பந்தாட்டமும் கூட்டுறவு நெறியும்

நூல் விலையையும் கரும்பு விலையையும் பற்றிய செய்திகளை எதிர்நோக்கி இவ்விதழைப் பிரிக்கும் அங்கத்தினர்கள், கால்பந்தாட்டத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றைக் கண்டு வியப்படையக்கூடும். விளையாட்டு வேறு, தொழில் வேறு என்பது உண்மையே. எனினும், ஒரு ஸ்தாபனத்தை யார் ஆளவேண்டும், ஆள்பவர் யாருக்குக் கணக்குச் சொல்லவேண்டும், தவறு நேர்ந்தால் எவரிடம் முறையிடவேண்டும் என்னும் வினாக்கள் எல்லா ஸ்தாபனங்களுக்கும் பொதுவானவை. இவ்வினாக்களுக்கு விடை தேடித்தான் உலகெங்கும் கால்பந்தாட்ட அன்பர்கள் இன்று அரசியலாரின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கின்றனர். அவர்களுடைய அனுபவம் நமக்கும் பாடமாகும்.

கனகம்மாசத்திரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குச் சங்கப் பரிசோதனைக்காகச் செல்லும்போதெல்லாம், தறியும் கழனியும் விட்டு மாலையில் ஏரியின் உள்வாயிலே பந்து உதைக்கும் இளைஞர்களை நாம் காண்பதுண்டு. அவர்களுள் சிலர் திருத்தணியிலோ திருவாலங்காட்டிலோ ரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கி, நேரு விளையாட்டரங்கில் சென்னை அணியின் பந்தயங்களைப் பார்த்துத் திரும்புகிறவர்கள். 2025 ஆம் ஆண்டு ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் பந்தயங்கள் நிறுத்தி வைக்கப்பட்டபோது அவர்கள் கேட்ட கேள்வி மிகவும் எளியது: "சீட்டு வாங்கிப் பார்க்கிறவர்கள் நாங்கள், போட்டி ஏன் நின்றது என்று நாங்கள் யாரைக் கேட்பது?"

கூட்டுறவுச் சங்கத்தில் இக்கேள்விக்கு விடை உண்டு. அங்கத்தினர் நிர்வாகக் குழுவைக் கேட்கலாம். குழு விடை கூறாவிடின் மகாசபையில் கேட்கலாம். அங்கும் நியாயம் கிட்டாவிடின் பதிவாளரிடம் முறையிடலாம். கால்பந்தாட்டத்திலோ பந்தயம் பார்ப்பவர் எவருக்கும் அங்கத்தினர் அல்லர். ஆகவே அவர் கேள்வி கேட்பதற்கு இடமே இல்லை.

சம்மேளனத்தின் அமைப்பு

நம் நாட்டில் இவ்வாட்டத்தை நிர்வகிப்பது 1937 ஆம் ஆண்டு தோன்றிய அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம். அதன் அமைப்பு நமக்குப் புதியதன்று. மாவட்டந்தோறும் ஒரு சங்கம். அவற்றின் மேல் மாநிலச் சங்கம். மாநிலச் சங்கங்களின் மேல் தேசிய சம்மேளனம். அதற்கும் மேலே உலகச் சம்மேளனமாகிய ஃபிஃபா. ஆரம்பச் சங்கம், மாவட்டச் சங்கம், தலைமைச் சங்கம் என்று நாம் அடுக்கும் முறையையே இது ஒத்திருக்கிறது.

ஆனால் அடித்தளத்தில் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. நமது அடுக்கின் கீழ்ப்படியில் இருப்பவர் நெய்பவரும் விளைவிப்பவரும் ஆவர். சங்கம் யாருக்காக ஏற்பட்டதோ அவரே அதன் அங்கத்தினர். ஒருவருக்கு ஒரு வாக்கு. கால்பந்தின் அடுக்கிலோ ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் நெடுங்காலம் வாக்கில்லை. மாநிலச் சங்கங்களின் பிரதிநிதிகள் மட்டுமே வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுத்து வந்தனர்.

இரண்டாவது வேற்றுமை சட்டத்தில் உள்ளது. சம்மேளனம் பதிவு பெற்றிருப்பது 1860 ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ். கல்விக்கும் தருமத்துக்கும் கலைக்கும் சபை அமைப்போருக்காக ஏற்பட்ட பழைய சட்டம் அது. ஆண்டுக்கொருமுறை நிர்வாகிகளின் பட்டியலைத் தாக்கல் செய்யவேண்டும் என்று கூறும் அச்சட்டத்தில், கூட்டுறவுச் சட்டத்தில் உள்ளதுபோன்ற தணிக்கை, விசாரணை, தேர்தல் மேற்பார்வை ஆகியவற்றுக்கு விரிவான ஏற்பாடு இல்லை. நமது 1983 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 80 ஆம் பிரிவு தணிக்கையையும், 81 ஆம் பிரிவு விசாரணையையும், 82 ஆம் பிரிவு ஆய்வையும் பற்றிப் பேசுகின்றன. இப்பிரிவுகளைச் சுமையென்று கருதும் சங்க நிர்வாகிகள் உண்டு. இவை இல்லாத ஸ்தாபனத்தில் என்ன நேர்கிறது என்பதைக் கால்பந்தின் வரலாறு காட்டுகிறது.

1988 முதல் 2008 வரை 20 ஆண்டுகள் பிரிய ரஞ்சன் தாஸ்முன்ஷி சம்மேளனத்தின் தலைவராக இருந்தார். அவருக்குப் பின் பிரஃபுல் படேல் அப்பொறுப்பை ஏற்று 2022 வரை வகித்தார். இருவரும் மத்திய மந்திரிகளாகவும் இருந்தவர்கள். ஆக, கால்பந்துக்கு அரசியலாரின் உதவி இல்லை என்று எவரும் கூறவியலாது. 34 ஆண்டுகளில் இரண்டே தலைவர்கள், இருவரும் அரசியலார். குறை அரசியலார் இல்லாததன்று; அவர்களைக் கேள்வி கேட்கும் உரிமை எவருக்கும் இல்லாததே.

ஒரு விளையாட்டு அன்பரின் வழக்கு

அங்கத்தினர் அல்லாதவர் முறையிட ஒரே வழி நீதிமன்றம்தான். டெல்லி வழக்கறிஞரும் விளையாட்டு அன்பருமான ராகுல் மெஹ்ரா, விளையாட்டுச் சங்கங்களின் நிர்வாகம் குறித்துப் பொதுநல வழக்குகள் பல தொடுத்தவர். மத்திய சர்க்கார் 2011 இல் வெளியிட்ட தேசிய விளையாட்டு நெறிமுறை, தலைவரின் பதவிக்காலத்துக்கும் வயதுக்கும் வரம்பு விதித்திருந்தது. சர்க்காரின் அங்கீகாரம் பெறும் சங்கங்கள் அதன்படி நடக்கவேண்டும் என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

2017 அக்டோபர் 31 அன்று டெல்லி ஹைகோர்ட்டு, சம்மேளனம் முந்திய ஆண்டில் நடத்திய தேர்தல் நெறிமுறைக்கு ஒவ்வாதது என்று கூறி அதனை ரத்துச் செய்தது. அடுத்த மாதமே சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. எனினும், முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ்.ஒய். குரேஷியையும், இந்திய அணியின் முன்னாள் தலைவர் பாஸ்கர் கங்குலியையும் நியமித்து, சம்மேளனத்துக்குப் புதிய அமைப்பு விதிகள் எழுதுமாறு பணித்தது. சுருங்கச் சொன்னால், ஒரு சங்கத்தின் உபவிதிகளைத் திருத்தும் வேலை நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

விதிகள் முடிவாகவில்லை என்பதே தேர்தல் நடவாமைக்கும் காரணமாயிற்று. 2020 டிசம்பரில் நிர்வாகக் குழுவின் காலம் முடிந்த பின்னரும் பழைய குழுவே தொடர்ந்தது. கடைசியில் 2022 மே 18 அன்று சுப்ரீம் கோர்ட்டு அக்குழுவை விலக்கி, ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.ஆர். தவே தலைமையில் மூவர் கொண்ட நிர்வாகிகள் குழுவை அமர்த்தியது. காலங்கடந்த நிர்வாகக் குழுவும், அதன் இடத்தில் அமர்ந்த தனி அலுவலரும் நம் மாநிலத்துக் கூட்டுறவாளர் பலமுறை கண்டவையே.

தடை விழுந்த பதினொரு நாட்கள்

அதன் பின்னர் நிகழ்ந்தது சிந்திக்கத்தக்கது. புதிய தேர்தலில் 36 மாநிலப் பிரதிநிதிகளுடன் புகழ்பெற்ற முன்னாள் ஆட்டக்காரர் 36 பேரும் வாக்களிக்கலாம் என்று 2022 ஆகஸ்டில் கோர்ட்டு உத்தரவிட்டது. ஆடியவருக்கு வாக்கு வேண்டும் என்பது நியாயமான கொள்கையே. ஆனால் ஃபிஃபாவோ, ஒரு தேசிய சம்மேளனம் தன் காரியங்களைத் தானே நடத்தவேண்டும், வெளியார் அதன் நிர்வாகத்தை ஏற்கலாகாது என்னும் விதியைக் காட்டியது. மூன்றாம் தரப்பினரின் தகாத தலையீடு என்று காரணங்கூறி, ஆகஸ்டு 15 ஆம் நாள் முடிவால் இந்தியச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது.

இதன் அடி யார்மீது விழுந்தது? பதவியில் இருந்தவர்மீதன்று. கேரளத்தின் கோகுலம் மகளிர் அணி ஆசியக் கழகப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டு நகரை அடைந்திருந்தது. அங்கு சென்று இறங்கிய பெண்கள் ஆடாமலே திரும்ப நேர்ந்தது. மத்திய விளையாட்டு அமைச்சகம் அவர்களுக்காகக் கேட்டுக்கொண்டும் பயன் விளையவில்லை. அக்டோபரில் நம் நாட்டில் நடக்கவிருந்த 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையும் கேள்விக்குறியாயிற்று. சங்கத்தில் நிர்வாகச் சண்டை நேர்ந்து பாவு நூல் வருவது நின்றால், தறி வெறுமையாய்க் கிடப்பது சண்டையிட்டவர் வீட்டிலன்று என்பதை நெசவாளர் அறிவர்.

மத்திய சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டை அணுகியது. ஆகஸ்டு 22 அன்று நிர்வாகிகள் குழுவின் பணி முடிக்கப்பட்டது. 26 அன்று தடை நீங்கியது. செப்டம்பர் 2 அன்று மாநிலச் சங்கப் பிரதிநிதிகள் மட்டும் வாக்களித்த தேர்தலில், முன்னாள் கோல்காப்பாளரும் அரசியல் கட்சியொன்றைச் சேர்ந்தவருமான கல்யாண் சௌபே 33 வாக்குகள் பெற்றார். இந்திய அணியின் புகழ்பெற்ற தலைவராக விளங்கிய பாய்ச்சுங் பூட்டியா பெற்றது ஒரே வாக்கு. அரங்கில் அமர்ந்து பார்ப்போரிடம் வாக்குச் சீட்டு இருந்திருப்பின் முடிவு எவ்வாறு இருந்திருக்கும் என்று ஆருடம் கூற நாம் முற்படவில்லை. வாக்களித்தவர் யார், அளிக்கவியலாதவர் யார் என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம்.

இந்நிகழ்ச்சியிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. தன்னாட்சி என்பது மதிப்புள்ள கொள்கை. 1995 இல் மான்செஸ்டர் நகரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு வகுத்த ஏழு கொள்கைகளுள் நான்காவது அதுவே. ஆயினும் அங்கத்தினர் ஆட்சி என்பது அக்கொள்கைகளுள் இரண்டாவது; அது தன்னாட்சிக்கு முன்னால் வைக்கப்பட்டுள்ளது. அங்கத்தினர் ஆட்சி இல்லாத இடத்தில் தன்னாட்சி என்பது பதவியில் இருப்போரின் ஆட்சியாகவே முடியும்.

மந்திரியின் உதவியும் அதன் எல்லையும்

நீதிமன்றத்தின் வழி இவ்வாறாயின், நேரே ஆட்சியாளரிடம் செல்லும் வழி எப்படி? அதற்கு வங்காளத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1920 இல் கல்கத்தாவில் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகம் சந்தா கட்டும் அங்கத்தினர்களை உடையது. 2020 இல் சூப்பர் லீக்கில் சேருவதற்குப் பெருமூலதனம் தேவைப்பட்டபோது, அம்மாநிலத்தின் அந்நாளைய முதலமைச்சர் மம்தா பானர்ஜி முன்னின்று ஸ்ரீ சிமெண்ட் கம்பெனியை முதலீட்டாளராகக் கொண்டுவந்தார். ரசிகர்கள் மகிழ்ந்தனர்.

ஆனால் பூர்வாங்க ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இறுதி ஒப்பந்தத்தில் கையொப்பமிடக் கழக நிர்வாகிகள் மறுத்தனர். அங்கத்தினரின் உரிமைகள் பறிபோகும் என்பது அவர்கள் கூறிய காரணம். கையொப்பமிட்டு அணியைக் காக்கவேண்டும் என்று ரசிகர்களில் ஒரு சாராரும், கூடாது என்று மற்றொரு சாராரும் பிரிந்தனர். 2021 ஜூலை 21 அன்று கழகத்தின் வாயிலில் இரு சாராரும் திரண்டபோது போலீசார் தடியடி நடத்தினர். அடுத்த மாதம் முதலமைச்சர் மீண்டும் தலையிட்டு அந்தப் பருவத்துக்கு மட்டும் சமரசம் செய்து வைத்தார். 2022 இல் அக்கம்பெனி விலகியது. அவ்வாண்டு மே மாதம் முதலமைச்சர் இமாமி கம்பெனியின் பெயரை அறிவித்தார்.

உதவி செய்தவரின் நல்லெண்ணத்தை நாம் குறைகூற வரவில்லை. அணி ஆட்டத்தில் நிலைத்தது அவ்வுதவியால்தான். ஆயினும் இரண்டாண்டுகளுக்குள் மூன்று முறை ஒரே கதவைத் தட்ட நேர்ந்ததைக் கவனிக்கவேண்டும். மந்திரியின் சொல்லால் வந்த உதவி அச்சொல் உள்ளவரையில்தான் நிற்கும். உரிமை எது, கடமை எது, அங்கத்தினரின் சம்மதமின்றி எதை விற்கலாகாது என்பது எழுத்தில் இல்லாதபோது, ஒவ்வோர் ஆண்டும் புதிதாய் மன்றாடவேண்டியதே.

ராச்டேலுக்கு அடுத்த ஊர்

எழுத்தில் உரிமை கேட்டவர்களின் கதை கூட்டுறவின் பிறந்தகத்திலேயே இருக்கிறது. 1844 இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் கூடி முன்னோடிச் சங்கம் அமைத்ததை அறியாத கூட்டுறவாளர் இலர். அந்நகருக்கு அடுத்த ஊர் பெரி. அதுவும் பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர். 1885 இல் தோன்றிய பெரி கால்பந்துக் கழகம் 1900 லும் 1903 லும் இங்கிலாந்தின் பழம்பெரும் கோப்பையை வென்றது. 2018 டிசம்பரில் அக்கழகம் ஒரே ஒரு பவுனுக்கு ஒரு தனிமனிதருக்குக் கைமாறியது. கடன் முற்றி, புதிய உடைமையாளர் பணம் இருப்பதற்கு உரிய சான்று காட்டாமையால், 2019 ஆகஸ்டு 27 அன்று லீக்கிலிருந்து கழகம் வெளியேற்றப்பட்டது. தலைமுறை தலைமுறையாகச் சனிக்கிழமைகளில் மைதானத்துக்குச் சென்று பழகிய ஊருக்குப் பந்தயமே இல்லாமற் போயிற்று.

ஆங்கில ரசிகர்கள் இதற்கு முன்பே கூட்டுறவு வழியைக் கண்டிருந்தனர். 1992 இல் நார்தாம்டன் நகரில் முதல் ரசிகர் அறக்கட்டளை தோன்றியது. பின்னர் வந்த இத்தகைய அமைப்புகள் பெரும்பாலும் அந்நாட்டின் தொழில் மற்றும் சேமநலச் சங்கச் சட்டத்தின்கீழ், அதாவது கூட்டுறவுகளுக்குரிய சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றன. ஒருவருக்கு ஒரு வாக்கு, பங்குத் தொகை சிறியது, இலாபம் ஊருக்கே. இவற்றுக்கு வழிகாட்ட 2000 இல் சர்க்காரின் ஆதரவுடன் ஒரு தேசிய அமைப்பும் ஏற்பட்டது. விம்பிள்டன் கழகத்தை உடைமையாளர்கள் வேற்றூருக்குக் கொண்டுபோக 2002 இல் அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் மனந்தளராமல் புதிய கழகம் ஒன்றைத் தாமே தொடங்கினர். எக்சிட்டர் நகர அணி 2003 முதல் ரசிகர்களின் உடைமையாக இருந்து வருகிறது.

ஆயினும் தனித்தனிச் சங்கங்களால் முழு ஆட்டத்தின் நிர்வாகத்தைத் திருத்த இயலவில்லை. ஆகவே ரசிகர்கள் பாராளுமன்றத்தை நாடினர். 2021 ஏப்ரலில் ஆறு பெரும் ஆங்கிலக் கழகங்கள் தமக்கென ஒரு தனி ஐரோப்பிய லீக் அமைக்க முயன்றபோது, ரசிகர்களின் எதிர்ப்பினால் அம்முயற்சி மூன்றே நாளில் சிதைந்தது. உடனே சர்க்கார், முன்னாள் விளையாட்டு அமைச்சர் டிரேசி கிரௌச் தலைமையில், ரசிகர்களின் கருத்தை முன்வைக்கும் ஆய்வொன்றைத் தொடங்கியது. நவம்பரில் வந்த அறிக்கை சுதந்திரமான ஒழுங்காணையம் வேண்டுமென்றது. 2024 மார்ச்சில் ஒரு கட்சியின் ஆட்சி மசோதாவைக் கொண்டுவந்தது. தேர்தல் வந்ததால் அது வீழ்ந்தது. அடுத்து வந்த எதிர்க்கட்சியின் ஆட்சி அதையே திருத்திக் கொண்டுவந்தது. 2025 ஜூலை 21 அன்று அது சட்டமாயிற்று.

அச்சட்டத்தின்படி மேல் ஐந்து அடுக்குகளைச் சேர்ந்த கழகங்கள் உரிமம் பெறவேண்டும். கழகத்தை வாங்குபவரின் தகுதி ஆராயப்படும். மைதானத்தை விற்பதற்கு ஒழுங்காணையத்தின் ஒப்புதல் வேண்டும். கழகத்தின் நிர்வாகம் குறித்து ரசிகர்களைக் கலந்தாலோசிப்பது கடமை. தன்னாட்சிப் பிரச்சினை அங்கும் எழுந்தது. சர்க்காரின் தலையீடு கூடாதென்று ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனம் 2024 இல் எச்சரித்தது. முந்திய மசோதாவில், ஒழுங்காணையம் சர்க்காரின் வெளிநாட்டுக் கொள்கையையும் கருத்திற் கொள்ளவேண்டும் என்றிருந்த பிரிவு பின்னர் நீக்கப்பட்டது. சட்டம் இயற்றுவது பாராளுமன்றம். ஆனால் அன்றாடம் கட்டளையிடுவது மந்திரி அன்று என்ற எல்லைக்கோடு அதனால் தெளிவாயிற்று.

பெரி ரசிகர்களோ இதற்காகக் காத்திருக்கவில்லை. சர்க்காரின் சமூக உடைமை நிதியிலிருந்து 10 லட்சம் பவுன் உதவி பெற்று, 2022 இல் பழைய மைதானத்தை மீட்டனர். ஊரில் அப்போது இரண்டு ரசிகர் சங்கங்கள். அவற்றை ஒன்றாக்கும் தீர்மானம் அவ்வாண்டு போதிய வாக்குப் பெறவில்லை. மனக்கசப்பு மிகுந்திருந்தது. 2023 இல் மறு வாக்கெடுப்பு நடந்து இணைப்பு நிறைவேறியது. பணம் கிடைப்பதைவிட அங்கத்தினர் ஒன்றுபடுவது கடினம் என்பதைச் சங்கங்களின் இணைப்பு வேலையில் ஈடுபட்டவர் எவரும் ஒப்புவர்.

நம் நாட்டின் புதிய சட்டம்

இந்தியாவிலும் 2025 ஆம் ஆண்டு முக்கியமானது. அவ்வாண்டு ஆகஸ்டில் பாராளுமன்றம் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தை நிறைவேற்றியது. சங்கங்களுக்கு அங்கீகாரம் வழங்கத் தேசிய விளையாட்டு வாரியம், வழக்குகளைத் தீர்க்கத் தீர்ப்பாயம், தேர்தல்களைக் கண்காணிக்கத் தேர்தல் குழு ஆகியவை அதில் ஏற்பாடாகியுள்ளன. நிர்வாகக் குழுக்களில் பெண்கள் நால்வரேனும், சிறந்த ஆட்டக்காரர் இருவரேனும் இருக்கவேண்டும். பதிவாளர், தீர்ப்பாயம், தேர்தல் ஆணையம் என்று நாம் அறிந்த ஏற்பாடுகளின் சாயலை அங்கத்தினர்கள் இதில் காணலாம்.

அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று சுப்ரீம் கோர்ட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் வகுத்த கால்பந்துச் சம்மேளன விதிகளைச் சில திருத்தங்களுடன் ஏற்றது. 2017 இல் தொடங்கிய வேலை எட்டாண்டுகளுக்குப் பின் முடிவுற்றது. சம்மேளனத்தின் மகாசபையில் முன்னாள் ஆட்டக்காரர் 15 பேருக்கு இடம் உண்டு. அவர்களுள் குறைந்தது ஐவர் பெண்கள். ஆடியவர் உள்ளே வந்துவிட்டனர். பார்ப்பவருக்கோ இன்னும் இடம் ஒதுக்கப்படவில்லை.

இதனால் வரும் குறை யாது என்று கேட்கலாம். சூப்பர் லீக்கின் கதையே விடையாகும். 2010 இல் சம்மேளனம் தன் வர்த்தக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்தது. அவ்வொப்பந்தம் 2025 டிசம்பரில் முடியும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்த நாள். எனினும் புதிய ஏற்பாடின்றிக் காலம் கடந்தது. ஜூலை 11 அன்று போட்டி நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னை அணி தன் பணிகளை நிறுத்தியது. பெங்களூர் அணி சம்பளத்தை நிறுத்தியது. 2026 ஜனவரி 6 அன்று மத்திய விளையாட்டு அமைச்சர் மன்சுக் மாண்டவியா, பிப்ரவரி 14 இல் போட்டி தொடங்கும் என்று அறிவித்தார். மீண்டும் ஓர் அமைச்சரின் வாயிலிருந்துதான் ரசிகர்களுக்கு நல்ல செய்தி கிடைத்தது. குத்தகை முடியும் நாளைக் குறித்து வைத்து ஓராண்டு முன்னதாகவே மகாசபையில் கேள்வி கேட்கும் அங்கத்தினர் ஒருவர் இருந்திருப்பின், இவ்வளவு தூரம் வந்திராது என்பது நமது கருத்து.

கேட்கவேண்டியது எது?

ஆகவே விளையாட்டு அன்பர்கள் அரசியலாரின் உதவியை நாடுவது தவறா எனில், தவறன்று என்றே கூறுவோம். எதை நாடுகிறோம் என்பதில்தான் நன்மையும் தீமையும் உள்ளன. இவ்விடத்தில் நமது வட்டாரத்தின் வரலாற்றையே நினைவுகூரலாம். கனகம்மாசத்திரமும் திருத்தணியும் அடங்கிய பகுதி ஒரு காலத்தில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலானோர் எல்லைக் கிளர்ச்சி நடத்தினர். வாக்குறுதியோடு அவர்கள் நின்றுவிடவில்லை. படாஸ்கரின் சமரசம், இரு மாநிலங்களின் உடன்பாடு, பாராளுமன்றத்தின் 1959 ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் என்று படிப்படியாகச் சென்று, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. அதற்குப் பின் எத்தனையோ ஆட்சிகள் மாறின, எல்லை மாறவில்லை. சட்டமாக அமைந்த உதவி நிலைக்கும்.

கால்பந்து அன்பர்கள் கேட்கவேண்டியவை மூன்று என்று நமக்குத் தோன்றுகிறது. முதலாவது, மாநிலச் சங்கத்திலும் தேசிய சம்மேளனத்திலும் பார்வையாளருக்குப் பிரதிநிதித்துவம். இரண்டாவது, தணிக்கையான கணக்கும் ஒப்பந்தங்களின் சாரமும் ஆண்டுதோறும் வெளியிடப்படுதல். மூன்றாவது, கழகத்தின் பெயர், நிறம், மைதானம் ஆகியவற்றை மாற்றுமுன் ரசிகர்களின் சம்மதம். மூன்றாவது வெறுங்கனவன்று. மோகன் பகான் கழகத்தின் பெயருக்கு முன்னால் 2020 இல் ஒட்டப்பட்ட வேறோர் அணியின் பெயரை எதிர்த்து ரசிகர்கள் இடைவிடாது குரல் எழுப்பினர். 2023 இல் அது நீக்கப்பட்டது. குரலால் கிடைத்ததை விதியாக்குவதே மிகுதியான வேலை.

இவற்றைக் கேட்பதற்கு முன் அன்பர்கள் செய்யவேண்டியது ஒன்றுண்டு. தாமே ஒரு சங்கமாகப் பதிவு பெறவேண்டும். சென்னை அணிக்கு ரசிகர் குழாங்கள் உள்ளன. அரங்கில் அவர்களுடைய முழக்கத்தைக் கேட்டோர் அவர்களது உறுதியை ஐயுறார். எனினும் அங்கத்தினர் பதிவேடும், வரவுசெலவுக் கணக்கும், தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவும் உடைய ஸ்தாபனத்தின் மனுவுக்கே சர்க்கார் அலுவலகத்தில் எடை உண்டு. நமது அரசியல் சட்டத்தின் 19 ஆம் பிரிவு, சங்கம் அமைக்கும் உரிமையோடு கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் உரிமையையும் சேர்த்துக் கூறுகிறது. 97 ஆவது திருத்தம் அளித்த அவ்வுரிமை கால்பந்து ரசிகருக்கும் உரியதே.

இனி நெசவாளருக்கும் விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. கால்பந்து அன்பர்கள் எதற்காகக் கோர்ட்டுக்கும் கோட்டைக்கும் அலைகிறார்களோ, அது நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது. வாக்கு இருக்கிறது, மகாசபை இருக்கிறது, தணிக்கை அறிக்கையைப் பார்க்கும் உரிமை இருக்கிறது. ஆனால் மகாசபைக்கு வரும் அங்கத்தினர் எத்தனை பேர்? குறைவெண் வருகை கூடாமல் கூட்டம் ஒத்திவைக்கப்படுவதும், கையொப்பப் புத்தகம் மட்டும் தெருவில் வீடு வீடாகச் செல்வதும் நாம் அறியாதவை அல்ல. அரங்கின் வாயிலில் நின்று ஒரு வாக்குக்காக ஏங்குபவரை எண்ணிப் பார்த்தால், கையிலுள்ள வாக்கை வீணாக்க மனம் வராது.

அடுத்த மகாசபையின் அறிவிப்பு வீட்டுக்கு வரும்போது அதை மடித்துக் கூரையில் செருகிவிடாமல், பொருள் நிரலை ஒருமுறை படியுங்கள். தணிக்கைக் குறைகளுக்கு நிர்வாகக் குழு என்ன பதில் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். ஒப்பந்தமும் குத்தகையும் எந்நாளில் முடிகின்றன என்று கேளுங்கள். பந்து உதைக்கும் பிள்ளைகள் வீட்டில் இருப்பின் அவர்களையும் உடன் அழைத்துச் சென்று ஓரமாக அமர்த்துங்கள். கேள்வி கேட்பதற்கு உரிய இடம் எப்படி இருக்கும் என்பதை அவர்கள் நேரில் காணட்டும்.